இணைக்கும் இடத்தில் இடறும் ஆங்கிலம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் இணைப்புச் சொற்களை மூன்று வகையாகப் பிரித்துப் பட்டியல் போட்டுத் தரும். அண்ட், பட், ஆர் போன்றவை சமமான இரண்டைச் சேர்க்கும். பிகாஸ், ஆல்தோ, இஃப் போன்றவை ஒரு பகுதியை இன்னொன்றுக்குச் சார்பாக்கும். ஈதர்–ஆர், நைதர்–நார் போன்றவை ஜோடியாக வரும். இந்தப் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிப்பவர்களும் எழுத உட்கார்ந்தால் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். வகை தெரிந்தும் பிழை வருகிறது என்றால், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

தமிழில் இணைப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ‘மழை பெய்ததால் போகவில்லை’, ‘மழை பெய்தாலும் போவேன்’, ‘மழை பெய்தால் போகமாட்டேன்’. மூன்றிலும் அது முதல் பகுதியின் கடைசியில், வினையோடு ஒட்டி, இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தின் பிகாஸ், ஆல்தோ, இஃப் அப்படி நிற்பதில்லை. தான் சேர்ந்த பகுதியின் தலையில் ஏறிக்கொள்கின்றன. அந்தப் பகுதி முன்னால் வந்துவிட்டால், சந்திக்கும் இடத்தில் மிஞ்சுவது ஒரு காற்புள்ளி மட்டும். தமிழில் யோசிக்கும் மனத்துக்கு அந்த இடம் காலியாகத் தெரிகிறது. கை தானாக ஒரு சொல்லை எடுத்து அங்கே வைத்துவிடுகிறது. கீழே வரும் பிழைகளில் பலவும் இந்த ஒரு பழக்கத்தின் கிளைகள்தான்.

முதலில் ஓர் எண்ணிக்கைச் சோதனை

எந்த வாக்கியத்தில் சந்தேகம் வந்தாலும், அதிலுள்ள முற்றுவினைகளை எண்ணுங்கள். அதாவது எழுவாயும் காலமும் உள்ள வினைகள். பிறகு, வினைப்பகுதிகளைச் சேர்க்கும் இணைப்புகளை எண்ணுங்கள். இணைப்பு, வினையைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும். இரண்டு வினைக்கு ஓர் இணைப்பு, மூன்று வினைக்கு இரண்டு. கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு.

சில எச்சரிக்கைகள். பெயர்ச்சொற்களை மட்டும் சேர்க்கும் அண்ட் என்ற சொல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஜோடிச் சொற்கள் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஹூ, விச் போன்றவையும் இணைப்புக் கணக்கில் வரும். ‘ஐ திங்க் ஹீ இஸ் ரைட்’ போன்றவற்றில் தட் மறைந்து நிற்கிறது. அதையும் எண்ண வேண்டும். கட்டளை வாக்கியத்தில் யூ மறைந்திருப்பதால் அந்த வினையும் முற்றுவினைதான்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு இணைப்பு

‘ஆல்தோ ஹீ வாஸ் டயர்ட், பட் ஹீ ஃபினிஷ்ட் த வொர்க்.’ வினை இரண்டு, இணைப்பும் இரண்டு. ஒன்று அதிகம். ஆல்தோவை எடுத்தாலும் சரியாகும், பட்டை எடுத்தாலும் சரியாகும். இரண்டையும் வைத்தால்தான் ஆகாது. ‘பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங், ஸோ வீ ஸ்டேய்ட் இன்சைட்’ என்பதிலும் அதே நோய், அதே மருந்து. ‘ஆஸ் ஐ வாஸ் பிஸி, ஸோ ஐ குட் நாட் ரிப்ளை’ என்பது அலுவலக மடல்களில் நிரந்தரக் குடியிருப்பு.

இந்த இடத்தில் பழைய தலைமுறை ஆசிரியரிடம் படித்தவர் ஒருவர் மறுத்துப் பேசக்கூடும். தோ போட்டால் யெட் போட வேண்டும் என்றுதானே கற்றுக்கொடுத்தார்கள்? அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், யோபு ஆகமம் 13ஆம் அதிகாரம் 15ஆம் வசனம் தோவில் தொடங்கி யெட்டில்தான் தொடர்கிறது. அங்கே யெட் ‘இருந்தும்கூட’ என்ற அழுத்தத்துக்காக வரும் வினையடை. அதனால் தோ–யெட் பிழையல்ல. இன்றைய எழுத்தில் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தோ–பட் பிழைதான். இஃப்–தென் ஜோடியும் பிழையல்ல, தென் வினையடை என்பதால் எண்ணிக்கையில் வராது. எழுதினாலும் சரி, விட்டாலும் சரி.

அறிகுறி: பிகாஸ் தனியாக நிற்கிறது

‘ஹீ டிட் நாட் கம். பிகாஸ் ஹீ வாஸ் இல்.’ இரண்டாவது வாக்கியத்தில் வினை ஒன்று, இணைப்பு ஒன்று. மறுபடியும் ஒன்று அதிகம்.

தமிழில் ‘அவர் வரவில்லை. ஏனென்றால் அவருக்கு உடல்நலமில்லை’ என்று எழுதுவது முழுக்கச் சரி. ஏனென்றால் ஒரு புதிய வாக்கியத்தைத் தாங்கும் வலு உள்ள சொல். பிகாஸுக்கு அந்த வலு இல்லை. அது தன் பகுதியை இன்னொரு வாக்கியத்தின் மீது சாய்த்தே வைக்க வேண்டும். முற்றுப்புள்ளியை அழித்துச் சேர்த்துவிடுங்கள்: ‘ஹீ டிட் நாட் கம் பிகாஸ் ஹீ வாஸ் இல்.’ பிகாஸ் நடுவில் வரும்போது அதற்கு முன் காற்புள்ளி பொதுவாகத் தேவையில்லை. முன்னால் வந்தால் அந்தப் பகுதி முடியும் இடத்தில் தேவை. ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பேச்சில் பதில் சொல்லும்போது மட்டும் பிகாஸ் தனியாக நிற்கலாம். கேள்வியே அதைத் தாங்கிக்கொள்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. ‘ஹீ டிட் நாட் ரிஸைன் பிகாஸ் ஹீ வாஸ் ஆங்க்ரி.’ இதற்கு என்ன பொருள்? கோபம் இருந்ததால் அவர் பதவி விலகவில்லை என்றும் படிக்கலாம். விலகினார், ஆனால் காரணம் கோபமல்ல என்றும் படிக்கலாம். நாட் எதை மறுக்கிறது என்று வாக்கியம் சொல்லவில்லை. இலக்கணம் சுத்தமாக இருக்கிறது, பொருள் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. முதல் பொருள் வேண்டுமென்றால் காரணத்தை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘பிகாஸ் ஹீ வாஸ் ஆங்க்ரி, ஹீ டிட் நாட் ரிஸைன்.’ இரண்டாவது வேண்டுமென்றால், ‘ஹீ ரிஸைன்ட், பட் நாட் பிகாஸ் ஹீ வாஸ் ஆங்க்ரி.’ எதிர்மறை வினைக்குப் பின்னால் பிகாஸ் எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த ஐயத்தோடு ஒருதரம் திரும்பப் படித்துவிடுவது நல்லது. ஒப்பந்தங்களிலும் விளக்கக் கடிதங்களிலும் இது வெறும் நடைப் பிரச்சினையாக நிற்காது.

இதற்குப் பக்கத்து வீட்டுப் பிழை ‘த ரீஸன் இஸ் பிகாஸ்’. ரீஸன் என்றாலே காரணம், பிகாஸும் காரணம். ‘த ரீஸன் இஸ் தட்’ போதும்.

சேர்த்தே ஒரு மூடநம்பிக்கையையும் கழித்துக்கட்டலாம். அண்ட், பட் இரண்டையும் வாக்கியத் தொடக்கத்தில் எழுதவே கூடாது என்பார்கள். அதே 1611 பைபிளின் முதல் அதிகாரத்தைத் திறந்தால், முதல் வசனம் தவிர ஏறக்குறைய எல்லாமே அண்டில்தான் தொடங்குகின்றன. பத்திக்கு நான்கு முறை எழுதினால் சலிப்புத் தட்டும் என்பது உண்மை. அது நடைக்குறை, இலக்கணக் குறை அல்ல. அப்படித் தொடக்கத்தில் வருபவை முந்தைய வாக்கியத்தோடு சேர்ப்பவை, எண்ணிக்கைச் சோதனையில் அவற்றை எண்ண வேண்டாம்.

அறிகுறி: காற்புள்ளி மட்டும் போட்டு வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்கிறது

இது முதல் நோய்க்கு நேர் எதிர். ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர், ஐ வில் ரிப்ளை டுமாரோ, ப்ளீஸ் வெயிட்.’ வினை மூன்று, இணைப்பு சுழியம். தமிழில் ‘வந்து, பார்த்து, எழுதி’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வோர் எச்சமும் அடுத்ததை எதிர்பார்த்தே நிற்பதால் தனியாக இணைப்பு வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் முற்றுவினை முற்றுவினைதான். இரண்டு முற்றுவினைப் பகுதிகளைச் சேர்த்துப் பிடிக்கக் காற்புள்ளிக்குப் பலம் போதாது.

சரிசெய்யப் பல வழிகள் உண்டு. முற்றுப்புள்ளி வைத்து வெட்டலாம். அரைப்புள்ளி வைக்கலாம், எண்ணிக்கையில் அது ஓர் இணைப்புக்குச் சமம். காற்புள்ளியோடு அண்டோ ஸோவோ சேர்க்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, எது எதற்குச் சார்பு என்று முடிவு செய்து எழுதுவது: ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர் அண்ட் வில் ரிப்ளை டுமாரோ.’ இப்போது எழுவாய் ஒன்றுதான், வாக்கியமும் இறுகிவிட்டது. ‘ப்ளீஸ் வெயிட்’ என்பதை நாளை பதில் வரும் என்ற செய்தியே சொல்லிவிடுகிறது.

இதே நோய் மாறுவேடத்தில் வருவது ஹவெவர், தேர்ஃபோர், மோர்ஓவர் ஆகியவற்றோடு. ‘ஹீ வாஸ் இல், ஹவெவர், ஹீ கேம்’ என்று எழுதுபவர், இரண்டு பக்கமும் காற்புள்ளி வைத்தாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார். இவை பார்ப்பதற்கு இணைப்புச் சொல் போல இருக்கும், வேலை செய்வது வினையடையாக. ஐயம் வந்தால் அந்தச் சொல்லை நகர்த்திப் பாருங்கள். ‘ஹீ கேம், ஹவெவர்’ என்று கடைசிக்குத் தள்ள முடிகிறது. பட் என்ற சொல்லை அப்படித் தள்ள முடியாது. நகர்ந்தால் வினையடை. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

அறிகுறி: சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருள் வருகிறது

எதிர்மறை இரட்டித்திருக்கும். ‘அன்லெஸ் யூ டோன்ட் ஹரி, யூ வில் பீ லேட்’ என்றால், அவசரப்பட்டால்தான் தாமதமாகும் என்று ஆகிவிடுகிறது. அன்லெஸுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருக்கிறது. டோன்ட்டை எடுத்துவிடுங்கள். லெஸ்ட்டும் அப்படித்தான், ‘விடக்கூடாதே’ என்ற மறுப்பு அதன் உள்ளேயே அடக்கம். ‘லெஸ்ட் ஹீ ஷுட் ஃபால்’ என்றால் விழுந்துவிடக்கூடாதே என்று பொருள். அதில் நாட் சேர்த்தால், விழாமல் போய்விடக்கூடாதே என்று கவலைப்படுகிறோம்.

அன்டில் இன்னும் தந்திரமானது. ‘வெயிட் ஹியர் அன்டில் ஐ டோன்ட் கம்.’ நான் வராத வரை இங்கேயே இரு என்று தமிழில் சொல்லலாம், பொருளும் சரியாக வரும். காரணம், ‘வராத வரை’ ஒரு நிலை நீடிக்கும் காலத்தைக் குறிக்கிறது. ‘வரும் வரை’ அது முடியும் புள்ளியைக் குறிக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘வரை’ போதும். அன்டில் முடியும் புள்ளியை மட்டுமே குறிக்கும்: ‘வெயிட் ஹியர் அன்டில் ஐ கம்.’ நீடிக்கும் நிலையைச் சொல்ல வேண்டுமென்றால் ஆஸ் லாங் ஆஸ் இருக்கிறது.

மூன்றாவது, அண்டும் ஆரும் இடம் மாறுவது. ‘அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது’ என்பதிலுள்ள இரண்டு ‘உம்’களைப் பார்த்து, ‘ஹீ கேனாட் ரீட் அண்ட் ரைட்’ என்று எழுதிவிடுகிறோம். எதிர்மறைக்குப் பின்னால் இரண்டையும் தனித்தனியாக மறுக்க வேண்டுமென்றால் ஆர்: ‘ஹீ கேனாட் ரீட் ஆர் ரைட்.’ அண்ட் போட்டால், இரண்டும் சேர்ந்த ஒன்றைத்தான் மறுக்கிறோமோ என்ற ஐயம் எழும். ‘யூ கேனாட் டெக்ஸ்ட் அண்ட் டிரைவ்’ என்பதில் மறுக்கப்படுவது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது. அங்கே அண்ட்தான் சரி. தமிழின் எண்ணும்மைக்கு எல்லா இடத்திலும் அண்ட் சமமல்ல.

அறிகுறி: இஃப், வென் பக்கத்தில் வில் வந்து உட்காருகிறது

‘வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்.’ ‘வரும்போது’ என்பதிலுள்ள ‘வரும்’ எதிர்காலம் என்பதால் வில் வருகிறது. ‘வந்தால்’ என்பதில் அந்த எதிர்காலம் இல்லாவிட்டாலும், நாளை நடப்பதைத்தானே சொல்கிறோம் என்று இஃப்புக்கும் வில் போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் எதிர்காலத்தை முதன்மைப் பகுதியில் ஒருமுறை சொன்னால் போதும் என்று வைத்திருக்கிறது. வென், இஃப், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், ஆஸ் ஸூன் ஆஸ் ஆகியவற்றின் பகுதியில் நிகழ்கால வடிவம்: ‘வென் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.’

ஆனால் ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்’ சரியே. அந்த இஃப்பின் இடத்தில் வெதர் போட்டுப் பாருங்கள், பொருந்தும். பொருந்தினால் அது நிபந்தனை அல்ல, மறைமுகக் கேள்வி. அங்கே வில் வரலாம்.

அறிகுறி: ‘என்று’ வரும் இடமெல்லாம் தட் முளைக்கிறது

‘ஹீ ஆஸ்க்ட் தட் வேர் ஆர் யூ கோயிங்.’ நீ எங்கே போகிறாய் என்று கேட்டார். தமிழில் ‘என்று’ எந்தக் கூற்றையும் அப்படியே விழுங்கிக்கொள்ளும். கேள்வியானாலும் கட்டளையானாலும் உள்ளே எதுவும் மாற வேண்டியதில்லை. தட்டுக்கு அந்தத் தாராளம் கிடையாது. அது செய்திக் கூற்றை மட்டும் ஏற்கும். கேள்வியில் வேர், வாட், ஒய் போன்ற வினாச்சொல்லே இணைப்பாகிவிடும், தட் வேண்டாம். உள்ளே கேள்வியின் சொல்வரிசையும் கலைந்து செய்தி வரிசைக்குத் திரும்பும்: ‘ஹீ ஆஸ்க்ட் வேர் ஐ வாஸ் கோயிங்.’ ஆர் யூ என்பது ஐ வாஸ் ஆனதைக் கவனியுங்கள்; முன்னிலை தன்மையானது, நிகழ்காலம் இறந்தகாலமானது.

வினாச்சொல் இல்லாமல் ‘வருவாரா என்று தெரியவில்லை’ என்றால், அந்த ‘ஆ’வின் வேலையை வெதர் செய்யும். கட்டளையானால் இணைப்பே வேண்டாம், டு போதும்: ‘ஹீ டோல்ட் மீ டு வெயிட்.’

அறிகுறி: ஈவன் இஃப்பா, ஈவன் தோவா என்று குழப்பம்

‘ஆலும்’ இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் வரும் குழப்பம். நடந்துவிட்ட உண்மை என்றால் ஈவன் தோ. நடக்குமா என்று தெரியாதது என்றால் ஈவன் இஃப். தமிழ் வாக்கியத்தில் ‘பெய்தாலும்’ என்பதை ‘பெய்தும்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘மழை பெய்தும் போனோம்’ நன்றாக நிற்கிறது, ஆகவே ஈவன் தோ. ‘மழை பெய்தும் போவோம்’ இடிக்கிறது, ஆகவே ஈவன் இஃப். ஈவனை மட்டும் தனியாக விட்டு ‘ஈவன் இட் ரெய்ன்ஸ்’ என்று எழுதுவது எந்தப் பொருளிலும் சரியாகாது.

அறிகுறி: டெஸ்பைட், பிகாஸ் ஆஃப் வந்தால் வாக்கியம் நொண்டுகிறது

இவை இணைப்புச் சொற்களே அல்ல, முன்னிடைச் சொற்கள். பின்னால் பெயர்தான் வரும். ‘டெஸ்பைட் ஹீ வாஸ் இல்’ பிழை. ‘டெஸ்பைட் ஹிஸ் இல்னெஸ்’ அல்லது ‘டெஸ்பைட் பீயிங் இல்’ சரி. டெஸ்பைட்டின் பொருளில் ஆஃப் வருவது இன் ஸ்பைட் ஆஃப் என்பதில் மட்டும். டெஸ்பைட் ஆஃப் என்று ஒன்று கிடையாது.

அறிகுறி: பட்டியலில் எது எதோடு சேர்கிறது என்று தெரியவில்லை

‘உம்’ ஒவ்வோர் உறுப்பிலும் ஒட்டும். அண்ட் கடைசி உறுப்புக்கு முன் ஒருமுறை மட்டும். அதற்கு முன்னால் காற்புள்ளி வேண்டுமா என்பது ஆங்கிலேயர்களுக்குள்ளேயே தீராத சண்டை. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கம் என்பதால் அதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் காற்புள்ளி என்றே பெயர். வைத்தாலும் விட்டாலும் பிழையில்லை, பொருள் குழம்பாத வரை.

குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வழக்கே இருக்கிறது. கூடுதல் நேரச் சம்பளம் தர வேண்டாத வேலைகளை அம்மாநிலச் சட்டம் வரிசையாகச் சொல்லி, ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று முடித்திருந்தது. ஷிப்மென்ட்டுக்குப் பின் காற்புள்ளி இல்லை. அப்படியானால் விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகக் கட்டுவது என்ற ஒரே வேலையா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் சரக்கை விநியோகித்தார்கள், கட்டவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொற்றொடர் தெளிவாக இல்லை என்று கூறி ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பிற்பாடு சட்டத்தைத் திருத்தியவர்கள் காற்புள்ளியை நம்பாமல் அரைப்புள்ளிகளாகப் போட்டுவிட்டார்கள். ஒரே பட்டியலில் நீண்ட உறுப்புகள் வந்தால் நீங்களும் அதையே செய்யலாம்.

அறிகுறி: ஜோடிச் சொற்களில் ஒன்று வழி தவறிவிட்டது

நைதர் வந்தால் நார், ஈதர் வந்தால் ஆர். இதில் பெரும்பாலோர் தவறுவதில்லை. தவறுவது இடத்தில். ‘ஹீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் ஃப்ரெஞ்ச் பட் ஆல்ஸோ ஜெர்மன்’ என்பதில் முதல் சொல்லுக்குப் பின் வினை, இரண்டாவதற்குப் பின் பெயர். இரண்டுக்கும் பின்னால் ஒரே இனம் நிற்க வேண்டும்: ‘ஹீ ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி ஃப்ரெஞ்ச் பட் ஆல்ஸோ ஜெர்மன்.’ நாட் ஒன்லியை வாக்கியத்தின் தலையில் வைத்தால் கேள்விபோலச் சொல்வரிசை புரள வேண்டும்: ‘நாட் ஒன்லி டஸ் ஹீ ஸ்பீக் ஃப்ரெஞ்ச்.’

நைதர்–நார் எழுவாயாக வரும்போது, வினை தனக்கு அருகில் நிற்கும் பெயரைப் பார்த்தே ஒருமை பன்மையைத் தீர்மானிக்கும் என்பதுதான் தேர்வுகள் எதிர்பார்க்கும் விதி: ‘நைதர் த மேனேஜர் நார் த க்ளார்க்ஸ் வெர் ப்ரெஸன்ட்.’ இடம் மாற்றி க்ளார்க்ஸை முன்னே வைத்தால் வாஸ் வரும். சரிதான், ஆனாலும் காதுக்கு உறுத்தும். பன்மையை வினைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். ஆஸ் வெல் ஆஸ் மட்டும் வேறு கட்சி. அது வந்தால் வினை முதல் பெயரையே பார்க்கும்.

போட்டித் தேர்வுக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. ‘நோ ஸூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ அல்லது ‘ஸ்கேர்ஸ்லி’ வந்தால் ‘வென்’. ஸூனர் ஒப்பீட்டு வடிவம் என்பதால் ஒப்பீட்டுக்குரிய தேன் வருகிறது. இந்தக் காரணம் தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘நோ ஸூனர் ஹேட் ஹீ அரைவ்ட் தேன் த மீட்டிங் பிகேன்.’ இங்கேயும் சொல்வரிசை புரள்கிறது. தேர்வுக்கு வெளியே எழுதும்போது ‘ஆஸ் ஸூன் ஆஸ் ஹீ அரைவ்ட், த மீட்டிங் பிகேன்’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.